விளையாட்டு வீரரின் இடுப்பு மூட்டு

மனிதன் நிற்கவும் நடக்கவும் ஓடவும் துணைசெய்யும் மூட்டுக்களுள் இடுப்பு மூட்டே தலையாயது. ஆயினும் அதைப்பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. இடுப்பு என்றவுடன் வேட்டி கட்டும் இடத்தையே பலர் நினைப்பர். இங்கே நாம் கூறும் மூட்டு அதற்கும் கீழே, தொடை உடலோடு சேரும் இடத்தில், தடித்த தசைகளுக்கு அடியில் மறைந்து கிடப்பது. முழங்காலைப்போல் அதைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது. அதில் பழுது ஏற்படின், வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தோன்றும். சில வேளைகளில் முழங்காலில்கூடத் தோன்றும். “தசை பிடித்துக்கொண்டது” என்று தைலம் தடவிக்கொண்டு மறுநாளே திடலுக்குச் செல்லும் இளைஞர் பலர். அவர்களுள் ஒரு சிலருக்கு அது தசைப்பிடிப்பு அன்று. மூட்டுத் தேய்வின் தொடக்கமாகும்.

டென்னிஸ் வீரர் ஆண்டி மரேயின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 2013ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் விம்பிள்டன் பட்டம் வென்ற அவர், 2017இல் அதே திடலில் நொண்டிக்கொண்டே ஆடித் தோற்றார். 2018 ஜனவரியில் மெல்பர்ன் நகரில் அவருடைய வலப்பக்க இடுப்பு மூட்டில் சிறு துளைகளின் வழியே சிகிச்சை செய்யப்பட்டது. வலி தீரவில்லை. 2019 ஜனவரியில் இலண்டனில் அதே மூட்டுக்கு உலோகக் கவசம் பொருத்தினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் ஆண்ட்வெர்ப் போட்டியில் அவர் ஒற்றையர் பட்டம் வென்றார். 2024 வரை ஆடினார்.

ஒரே மூட்டுக்கு ஓராண்டு இடைவெளியில் இருவகைச் சிகிச்சை! இதைக் கேட்போர் மனத்தில் மூன்று கேள்விகள் எழும். முப்பது வயதுகூட நிரம்பாத உடற்கட்டுள்ளவர்களுக்கு இந்த மூட்டு கெடுவானேன்? கத்தி யாருக்குப் பயன்படும்? அது பயன்படுகிறது என்பதை எவ்வாறு அறிவது? இம்மூன்றில் கடைசிக் கேள்வியே மிகவும் கடினமானது. மிகவும் இன்றியமையாததும் அதுவே.

மூட்டின் அமைப்பு

தொடையெலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டையானது. இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் அது பொருந்தியிருக்கிறது. பந்தின் மேலும் குழியின் உட்புறத்திலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. குழியின் வாயைச் சுற்றி, பானையின் வாய்க்கு வளையம் கட்டியதுபோல், நார்த்தன்மையுள்ள விளிம்பு ஒன்று அமைந்துள்ளது. மூட்டுக்குள் இருக்கும் நெய்ப்பான நீர் வெளியேறாமல் இவ்விளிம்பு அடைத்துக் காக்கிறது.

இம்மூட்டு தாங்கும் பாரம் வியப்பூட்டுவது. பெர்லின் ஆராய்ச்சியாளர்கள், நோயாளிகளுக்குப் பொருத்திய செயற்கை மூட்டுக்களுக்குள் நுண்ணிய அளவுகருவிகளை வைத்து, அவை கம்பியில்லா முறையில் அனுப்பிய கணக்குகளைக் குறித்தனர். சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விசை மூட்டின்மேல் விழுகிறது என்று தெரியவந்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஓர் அடி எடுத்து வைக்கும்போது மூட்டு ஏறக்குறைய 150 கிலோவைத் தாங்குகிறது. ஓடும்போதும் தாவும்போதும் இதைவிட அதிகம்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாமையால் அது தேயும்போது நமக்கு உடனே வலி தெரிவதில்லை. இரத்த ஓட்டம் இல்லாமையால் தேய்ந்தது எளிதில் மீண்டும் வளர்வதுமில்லை. விளிம்பு வளையத்துக்கு நரம்பு உண்டு. ஆகவே வலி தெரியவரும் வேளையில், உள்ளே சேதம் தொடங்கி நெடுநாள் ஆகியிருக்கக்கூடும்.

எலும்போடு எலும்பு இடித்தல்

தேய்வு முதுமையால் வருவது என்பதே நெடுங்காலமாக இருந்த எண்ணம். இளைஞருக்கும் அது வருவதற்கு வடிவக்குறை ஒரு காரணமாகலாம் என்று சிலர் முன்னரே ஐயுற்றனர். பாஸ்டன் நகர அறுவை நிபுணர் ஸ்மித்-பீட்டர்சன், தொடையெலும்பின் கழுத்து குழியின் விளிம்பில் இடிப்பதனாலேயே சிலருக்கு வலி உண்டாகிறது எனக் கருதி, இடிக்கும் எலும்பைச் செதுக்கி எடுத்த முறையை 1936ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் செயற்கை மூட்டுக்களின் காலம் வந்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962ஆம் ஆண்டில் உலோகப் பந்தையும் பாலிதீன் கிண்ணத்தையும் இணைத்துப் பொருத்திய மூட்டு பெரும் வெற்றி கண்டது. தேய்ந்ததை மாற்றிவிடலாம் என்ற நிலை வந்தபின், தேய்வதன் காரணத்தை ஆராய்வதில் முன்போல் ஊக்கம் இல்லை.

அவ்வூக்கத்தை மீண்டும் எழுப்பியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த பேராசிரியர் ரைன்ஹோல்ட் கான்ஸ். ஆழமில்லாத குழியுடன் பிறந்தவர்களுக்குக் குழியைத் திருப்பி அமைக்கும் சிகிச்சையை அவர் செய்துவந்தார். அவர்களுள் சிலருக்கு, எலும்பு நன்றாகக் கூடிய பின்னரும், தொடை இடுக்கில் புதிதாக வலி கண்டது. குழியின் விளிம்பு அளவுக்கு மீறி முன்னே வந்துவிட்டதால் தொடையெலும்பின் கழுத்து அதில் இடித்தது. சிகிச்சையால் நேர்ந்த இந்த இடிப்பு, இயற்கையிலேயே சிலருக்கு இருக்கலாமன்றோ என்று அவர் சிந்தித்தார்.

இதைக் கண்ணால் காண வேண்டுமாயின் பந்தைக் குழியிலிருந்து கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் பந்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் கழுத்தையொட்டிச் செல்வது. அது அறுபட்டால் பந்து உயிரிழந்து நொறுங்கிவிடும். இவ்வச்சத்தால் மூட்டைக் கழற்ற எவரும் துணியவில்லை. பெர்ன் குழுவினர் அக்குழாயின் வழியை இறந்த உடல்களில் நுட்பமாக ஆராய்ந்து, அதற்குத் தீங்கு நேராமல் கழற்றும் முறையைக் கண்டனர். 2001இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, கழற்றப்பட்ட 213 மூட்டுக்களில் ஒன்றிலும் பந்து உயிரிழக்கவில்லை.

திறந்து பார்த்தபோது இருவகைக் குறைகள் தென்பட்டன. ஒன்று, பந்தும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு மேடிட்டிருத்தல். இதைக் ‘கேம்’ வகை என்பர். கேம் என்பது இயந்திரங்களில் ஒருபக்கம் புடைத்த சக்கரத்துக்குப் பெயர். குந்தி உட்காரும்போதோ, பந்தை உதைக்கக் காலை மடக்கித் திருப்பும்போதோ, இம்மேடு குழிக்குள் நுழைந்து குருத்தெலும்பை அடியோடு உரிக்கிறது. மற்றொன்று, குழியின் விளிம்பு அளவுக்கு மேல் நீண்டு பந்தைக் குறடுபோல் கவ்வுதல். இரண்டும் கலந்திருப்போர் பலர். இவ்வாறு 600க்கு மேற்பட்ட மூட்டுக்களைத் திறந்து கண்ட அனுபவத்தைக் கொண்டு, 2003ஆம் ஆண்டில் கான்ஸும் அவருடைய துணைவர்களும் தம் கொள்கையை விரிவாக எடுத்துரைத்தனர். இளவயதுத் தேய்வுகளில் பலவற்றுக்கு எலும்பு இடித்தலே காரணம் என்பது அக்கொள்கை.

துளைவழிச் சிகிச்சை

மூட்டை முழுதும் கழற்றாமல், சிறு துளை வழியே குழாய்க்கண்ணாடியை நுழைத்துச் செய்யும் முறை இதற்குள் வளர்ந்துவந்தது. நியூயார்க் டாக்டர் பர்மன் 1931ஆம் ஆண்டில் இறந்த உடல்களின் மூட்டுக்களுள் கண்ணாடியைச் செலுத்திப் பார்த்தார். இடுப்பு மூட்டில் பந்துக்கும் குழிக்கும் நடுவே ஊசி நுழைப்பதும் இயலாது என்பது அவர் கண்ட முடிவு. 1939ஆம் ஆண்டில் ஜப்பானிய டாக்டர் கென்ஜி தாக்காகி, நோயாளிகளின் இடுப்பு மூட்டை இம்முறையில் கண்டதைப் பதிவு செய்தார்.

பர்மன் சொன்ன தடை, காலை இழுத்துப் பிடிப்பதனால் நீங்கிற்று. நோயாளியை மயக்கமருந்தால் உறங்கவைத்து, பாதத்தைப் பிணித்து இழுத்தால், பந்துக்கும் குழிக்கும் இடையே சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாகும். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு அல்லது மூன்று துளைகள் இடுகிறார்கள். ஒன்றில் கண்ணாடியும் மற்றவற்றில் கருவிகளும் செல்லும். உப்புநீர் ஓடிக்கொண்டேயிருக்கும். கிழிந்த விளிம்பைச் சிறு ஆணிகளாலும் நூலாலும் எலும்போடு சேர்த்துக் கட்டுகிறார்கள். மேடிட்ட எலும்பைச் சுழலும் அரத்தால் இழைக்கிறார்கள். இதனால் வரும் தீங்கு குறைவெனினும் இல்லாமற்போகவில்லை. காலை இழுப்பதால் நரம்பு நசுங்கி மரமரப்பு உண்டாவதுண்டு. அது பெரும்பாலும் நாளடைவில் நீங்கும். கிருமி தொற்றியவர்களும் உளர்.

காரணம் விளங்கிற்று, கருவியும் கிடைத்தது. இனி என்ன? மேடு கண்ட மூட்டையெல்லாம் இழைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஆராய்ச்சி நம்மை நிறுத்திக் கேள்வி கேட்கிறது.

படத்தில் கண்டதெல்லாம் நோயாகுமா?

2010ஆம் ஆண்டில் கனடாவில், இடுப்பில் எந்த வலியும் இல்லாத 200 பேரைக் காந்த முறைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுள் நூற்றுக்கு 14 பேருக்கு, அதாவது 28 பேருக்கு, ஒரு பக்கத்திலேனும் அந்த மேடு இருந்தது. 2012இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், வலியில்லாத 45 பேரைப் பார்த்தபோது, நூற்றுக்கு 69 பேரின் மூட்டுக்களில் விளிம்பு கிழிந்திருந்தது. இவர்கள் எல்லோரும் நலமாக நடமாடியவர்கள்.

இதன் பொருள் என்ன? வலியுள்ள ஒருவரைப் படமெடுத்துப் பார்த்து, மேடும் கிழிசலும் இருப்பதால் வலி அவற்றாலேயே வந்தது என்று முடிவு கட்டுவது அறிவுடைமையன்று. தலைவலிக்காரருக்கு நரைமயிர் இருந்தால், நரைதான் தலைவலிக்குக் காரணம் என்போமா? இக்குழப்பத்தைத் தீர்க்க, 2016ஆம் ஆண்டில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களும் ஒரு நோயாளியும் இங்கிலாந்தின் வாரிக் நகரின் பெயரால் ஓர் உடன்பாடு கண்டனர். நோயாளி கூறும் துன்பம், டாக்டர் காலை மடக்கித் திருப்பிக் காணும் அடையாளம், படத்தில் தெரியும் வடிவம் ஆகிய மூன்றும் ஒத்து வந்தாலன்றி இந்நோய் என்று கூறலாகாது என்பது அதன் சாரம்.

மறுபுறம், மேட்டை அறவே பொருட்படுத்தாதிருப்பதும் தவறே. நெதர்லாந்தில் இடுப்பிலோ முழங்காலிலோ வலி தொடங்கியிருந்த, 45 முதல் 65 வயது வரையுள்ள 1,002 பேரை ஐந்தாண்டுகள் கவனித்தனர். மேடு மிகப் பெரிதாகவும், காலை உட்புறம் திருப்பும் அளவு 20 பாகைக்கு மேற்படாமலும் இருந்த மூட்டுக்களில், ஏறக்குறையப் பாதி அந்த ஐந்தாண்டுக்குள் முற்றிய தேய்வை அடைந்தன. மிதமான மேடு உள்ளவர்களில் பெரும்பாலோர் அந்நிலையை எய்தவில்லை. மேடு அபாயக் குறியாகும்; ஆனால் தீர்ப்பு அன்று.

வளரும் பருவம்

இந்த மேடு எப்போது தோன்றுகிறது? சுவிட்சர்லாந்தில் கூடைப்பந்து ஆடும் 37 ஆண்களையும் அத்தகைய விளையாட்டில் ஈடுபடாதவர்களையும் ஒப்பிட்டு, 2011இல் ஒரு முடிவு வெளியிட்டனர். மேடு காணப்படும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்குப் பத்து மடங்கு அதிகமாயிருந்தது. நெதர்லாந்தில் காற்பந்துப் பயிற்சி பெறும் சிறுவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இன்னொன்றும் விளங்கிற்று. எலும்பு வளரும் தகடு திறந்திருக்கும் வரையில் மேடு பெருகியது. அத்தகடு மூடிய பின்னர் பெருகவில்லை.

ஆகவே மேடு பிறவிக்குறை மட்டுமன்று. வளரும் எலும்பு, தன்மேல் ஓயாமல் விழும் விசைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதன் விளைவாகவும் அது தோன்றுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நாள்தோறும் ஒரே ஆட்டத்தில் ஈடுபடுத்தும் பெற்றோரும் பயிற்சியாளரும் இதை நினைவில் வைத்தல் நன்று. ஆடவே கூடாது என்பதன்று; ஓய்வும் வேறுவகை ஆட்டமும் கலந்திருக்க வேண்டுமா என்பதே ஆராயத்தக்கது.

திருவுளச்சீட்டுப் போட்டு அறிதல்

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். சிகிச்சைக்குப்பின் ஒருவர் நலமடைந்தால், நலம் சிகிச்சையால் வந்ததென்று சொல்லிவிடலாமா? வலி கூடிக் குறையும் இயல்புடையது. அது உச்சத்தில் இருக்கும்போதே டாக்டரிடம் ஓடுகிறோம். பின்னர் தானாகக் குறைந்தாலும் மருந்துக்கே பெருமை. கத்தி வைத்தால் தீரும் என்ற நம்பிக்கையும் ஓரளவு வலியைத் தணிக்கும்.

இதை முழங்கால் சிகிச்சை ஒருமுறை திடுக்கிடும்படி எடுத்துக்காட்டியது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முழங்கால் தேய்வுள்ள 180 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்தாருக்கு மூட்டின் உள்ளே செதுக்கினர். மற்றொரு கூட்டத்தாருக்குக் கழுவி மட்டும் விட்டனர். மூன்றாம் கூட்டத்தாருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தனர். தமக்கு நடந்தது எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது; இப்படி நடக்கலாம் என்பதற்கு முன்னரே அவர்கள் ஒப்புதல் அளித்திருந்தனர். 2002இல் வெளிவந்த முடிவு: இரண்டு ஆண்டுகளிலும் மெய்யான சிகிச்சை பெற்றோர் பொய்ச்சிகிச்சை பெற்றோரைவிட மேம்படவில்லை.

இடுப்பு மூட்டு நிபுணர்களும் தம் முறையை இத்தகைய சோதனைக்கு உட்படுத்தினர். பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 நோயாளிகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குத் துளைவழி அறுவை. மறு பிரிவுக்கு ஒவ்வொருவரின் நிலைக்கேற்ற உடற்பயிற்சிச் சிகிச்சை. வலியும் செயல்திறனும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடப்பட்டன. ஓராண்டுக்குப்பின் அறுவைப் பிரிவு 39இலிருந்து 59க்கு உயர்ந்தது. பயிற்சிப் பிரிவு 36இலிருந்து 50க்கு உயர்ந்தது. தொடக்க வேற்றுமைகளைக் கழித்துப் பார்த்தால் அறுவையின் மேன்மை 6.8 மதிப்பெண். நோயாளி தன்னளவில் உணரத்தக்க மிகச் சிறிய வேறுபாடு 6.1 என ஆராய்ச்சியாளர்கள் கொண்டிருந்தனர். 2018இல் வெளிவந்த இம்முடிவைக் கூர்ந்து நோக்கின், கத்தி பயன்பட்டது; ஆயினும் எல்லையைச் சற்றே தாண்டிய பயன். பயிற்சி பெற்றவர்களும் முன்னேறினர். இரு பிரிவினரும் முழு நலம் அடையவில்லை. செலவோ அறுவைக்கே மிகுதி.

2019இல் வெளிவந்த மற்றோர் ஆங்கில ஆராய்ச்சி, 222 பேரை ஒப்பிட்டு, அறுவையே சிறந்தது என்று கண்டது. 2018இல் அமெரிக்கப் படை மருத்துவமனை ஒன்றில் 80 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி, இரண்டாண்டு முடிவில் வேற்றுமை காணவில்லை. ஆனால் பயிற்சிப் பிரிவில் இருந்தோரில் பெரும்பாலோர் இடையில் அறுவைக்கு மாறிவிட்டமையால் அதன் முடிவு தெளிவற்றது.

இவற்றில் எல்லாம் நோயாளிக்குத் தாம் பெற்றது எது என்று தெரியும். இக்குறையை நீக்க, கனடா, பின்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளில் 220 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. எல்லோருக்கும் துளை இட்டனர். ஒரு பிரிவினருக்கு எலும்பை இழைத்தனர்; மறு பிரிவினருக்கு மூட்டைக் கழுவி மட்டும் விட்டனர். விளிம்பு கிழிந்திருந்தால் இரு பிரிவினருக்கும் தைத்தனர். தம் பிரிவு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டில் வலி இரு பிரிவிலும் குறைந்தது, வேற்றுமை தென்படவில்லை. ஆனால் இரண்டாண்டுக்குள் மீண்டும் அறுவைக்கு வந்தவர்கள், எலும்பு இழைக்கப்பட்ட பிரிவில் குறைவு. ஆக, இழைப்பதில் பயன் ஏதோ உண்டு. அது நாம் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. வருங்காலத் தேய்வை அது தடுக்குமா என்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

மரே மீண்டும் பட்டம் வென்றதைக் கண்டு, உலோகக் கவசமே கைகண்ட மருந்து என்று கொள்வதும் இதே பிழையாகும். ஒருவருடைய வெற்றி ஒரு சான்று, சோதனை அன்று. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுக்களில் ஒருவகை, உலோகத் துகள் உதிர்ந்து தசையைக் கெடுத்தமையால், 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதை மறத்தலாகாது.

ஆதலின் தொடை இடுக்கில் வாரக்கணக்கில் நீங்காத வலி உள்ள இளைஞர் அதைத் தைலத்தால் மறைக்க வேண்டாம். காலை மடக்கி உட்புறம் திருப்புகையில் வலித்தாலோ, குந்த முடியாமற்போனாலோ, தகுந்த டாக்டரிடம் காட்டுக. அவர் படத்தைக் காட்டி, “மேடு இருக்கிறது” என்றால், “என் வலி இதனால்தான் என்பதற்கு வேறு அடையாளம் உண்டா? முறையான பயிற்சி செய்து பார்த்தபின் முடிவு செய்யலாமா?” என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை. நல்ல டாக்டர் அக்கேள்வியை விரும்பியே வரவேற்பார்.

கையில் கூரிய கருவி இருக்கும்போது அதைப் பயன்படுத்தத் தோன்றுவது மனித இயல்பு. பயன்படுத்துமுன் அதையே சோதனைக்கு உட்படுத்துவது விஞ்ஞானத்தின் இயல்பு. தாம் அன்றாடம் செய்யும் சிகிச்சை பொய்யாய்ப் போகவும் கூடும் என்று அறிந்தே அதைத் திருவுளச்சீட்டில் நிறுத்திய நிபுணர்களுக்கு, நோயாளிகளாகிய நாம் கடமைப்பட்டுள்ளோம்.